சீக்கிரம் வந்தவர்கள்

என் கர்ப்பப்பையின் வாயில் புற்று இருந்தது. இப்போது இல்லை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் யார் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்லத் தொடங்கி, அவள் இறங்க வேண்டிய நிறுத்தமே தாண்டிப் போய்விட்டது. “எழுதி வைங்க அண்ணி, இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேரும்” என்று என் நாத்தனார் விசாலம் சொன்னாள். அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். ஆனால் சொல்ல வேண்டியது நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கை அதைவிடப் பரபரக்கிறது.

என் பெயர் தனபாக்கியம். மதுராந்தகத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறேன். என் கணவர் ஏழுமலைக்குக் கொஞ்சம் கழனி உண்டு. நெல்லும் வேர்க்கடலையும் போடுவார். ஊரில் ஒரு பெண் இளைத்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். அளவு எடுக்க நிற்கும்போது புருஷனிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்வார்கள். அப்படி எல்லாருடைய உடம்புக் கதையையும் கேட்ட நான், என் உடம்பில் நடப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மாதவிலக்கு முடிந்த பிறகும் இடையிடையே ரத்தம் பட்டது. கணவரோடு சேர்ந்திருந்த மறுநாள் கட்டாயம் படும். வெள்ளைப்பாடு நாற்றமடித்தது. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மிஷின் மிதிக்கிறோம், சூடு என்று நினைத்து மோர் குடித்தேன். நாற்பது வயதாகிறது, நிற்கப் போகிறது போலிருக்கிறது என்றும் நினைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் லைனிங் துணியும் ஹூக்கும் வாங்க ஒவ்வொரு வருஷமும் மெட்ராஸ் போவேன். பாசஞ்சரில் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் மாம்பலம். ரங்கநாதன் தெருவில் வேலையை முடித்துவிட்டு, மேற்கு மாம்பலத்தில் விசாலம் வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். அந்த வருஷம் ரயில்வே மேம்பாலத்தின் படியில் ஏறும்போதே தொடையில் சூடாக இறங்கியது. துணிப் பையைப் பின்னால் பிடித்து மறைத்துக்கொண்டு விசாலம் வீடு வரை நடந்தேன்.

குழாயடியில் புடவையை அலசிக்கொண்டிருந்தபோது விசாலம் வந்து நின்றாள்.

“இன்னா அண்ணி இது? உங்களுக்கு நாளா இப்போ?”

“இல்ல. அப்பப்போ இப்படித்தான் படுது. விடு.”

“எத்தினி நாளா?”

நான் அலசுவதை நிறுத்தவில்லை. அவள் வாளியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். “நாளைக்குக் கடைக்குப் போக வேணாம். டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். என்னைவிட இளையவள், என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை அதட்டிப் பேசாதவள். அன்று பேசிய குரலுக்கு நான் மறுபேச்சு பேசவில்லை.

தி.நகரில் அவளுக்குப் பிரசவம் பார்த்த லேடி டாக்டர் என்னைப் பரிசோதித்தார். கையைக் கழுவிக்கொண்டே, “அடையாறுல கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு. நாளைக்கே போங்க” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் விசாலம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை. பாண்டி பஜாரில் தீபாவளிக் கூட்டம் நெரிந்தது. இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்தோம்.

அடையாறு ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தாடையில் கட்டுப் போட்டவர்கள், தொண்டையில் ஓட்டை போட்டவர்கள், ஆந்திராவிலிருந்து பாயும் பாத்திரமுமாக வந்து மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள். நான் அவர்களைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது விசாலம்தான் என்னை எழுப்பி உள்ளே அனுப்பினாள்.

உள்ளே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல். நான் புடவையை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அவசரப்படுத்தாமல் நின்றார்.

“என்ன செய்யப் போறேன்னு முதல்ல சொல்லிடறேன். கர்ப்பப்பை சுருக்குப் பை மாதிரி. அதுக்குக் கீழே கழுத்து இருக்கு. அந்தக் கழுத்தோட வாயில இருந்து இந்தக் குச்சியால லேசா வழிச்சு எடுப்பேன். அறுக்கறது கிடையாது, ஊசி கிடையாது. மூச்சை நல்லா விடுங்க.”

குச்சியைக் காட்டினார். கப் ஐஸ்கிரீமோடு தருவார்களே, அதுபோன்ற தட்டையான மரக்குச்சிதான். வழித்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவி மருந்துத் தண்ணீரில் போட்டார். நான் பயந்து மூடிய கண்ணைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு அந்த இடத்தில் புண்போல இருந்ததால் அரிசி மணி அளவுக்குச் சதையும் கிள்ளி எடுத்தார். அது மட்டும் சுருக்கென்றது.

முடிவு வரும் வரை காத்திருந்த நாட்கள்தான் எல்லாவற்றையும்விட மோசம். கணவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து விசாலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் வெளுத்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை உரித்து உரித்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்தார்.

“புற்றுதான். ஆனா கழுத்தோட வாயில மட்டும் இருக்கு. பக்கத்துக்குப் போகலை. சீக்கிரமே வந்துட்டீங்க.”

முதல் சொல்லில் என் காது அடைத்துப்போனது. கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டது விசாலம்தான். “சீக்கிரம்னா, சரியாயிடுமா டாக்டர்?”

“ஆயிடும்னு நம்பித்தான் வைத்தியம் பண்றோம். இவ்வளவு சின்னதா இருக்கும்போது வந்தவங்க நிறைய பேர் நல்லா இருக்காங்க.”

என் கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அது மிஷின் மிதிக்கலாமாங்க? எப்போலேர்ந்து மிதிக்கலாம்?”

டாக்டரம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் பிழைத்து வந்து மறுபடியும் தைப்பேன் என்பதை அந்த மனிதர் முடிவே செய்துவிட்டாரே என்று நினைத்ததும், அழுகையும் கூடவே வந்தது.

முதலில் வெளியிலிருந்து கரண்டு வைத்தார்கள். எல்லாரும் கரண்டு என்று சொன்னாலும் அது மின்சாரம் இல்லை. கோபால்ட் என்ற பொருளிலிருந்து வரும் கதிர், கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் உறைக்காது. பெரிய இயந்திரத்தின் கீழே அசையாமல் படுத்திருக்க வேண்டும். கதிர் எங்கே விழ வேண்டும் என்று அடிவயிற்றில் மையால் கோடு போட்டார்கள். வெட்டுவதற்கு முன்னால் நான் துணியில் போடும் சாக்பீஸ் கோடு மாதிரியே இருந்தது. “கோணலா போயிடப் போவுது, பார்த்து” என்றேன். கோடு போட்ட பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தினமும் மாம்பலத்திலிருந்து அடையாறுக்குப் பஸ். போகப் போக உடம்பு தளர்ந்தது. வயிற்றுப்போக்கு, வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல். விசாலம் நொய்க்கஞ்சி காய்ச்சி, ஆற வைத்து, ஒவ்வொரு டம்ளராகக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவள் கணவர் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டு போடும் தச்சர். ஏதோ அரண்மனை செட்டைப் பிரித்தபோது கிடைத்த பலகையில் எனக்கு ஒரு சாய்மானம் செய்து கொண்டுவந்தார். பின்பக்கம் முழுக்கத் தங்க வர்ணம். “மகாராணி கட்டில்ல இருந்து எடுத்தது” என்றார். உட்கார முடியாமல் தவித்த எனக்கு அதில் சாய்ந்தால்தான் கஞ்சி உள்ளே இறங்கும்.

அடுத்தது ரேடியம். மயக்கம் கொடுத்து, ரேடியம் அடைத்த சிறு குழல்களைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிடுவார்கள். உள்ளேயிருந்தே அது புற்றைச் சுடும். எடுக்கும் வரை மல்லாந்து படுத்திருக்க வேண்டும், புரளக் கூடாது, சிறுநீருக்கும் குழாய். நம்மிடமிருந்து கதிர் வெளியே வருவதால் நர்ஸ்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று சட்டென்று வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். பார்க்க வருபவர்கள் வாசற்படியோடு நிற்க வேண்டும்.

என் கணவர் வாசற்படியில் நின்றபடி ஊர் நியாயம் எல்லாவற்றையும் கத்திச் சொன்னார். வெள்ளாடு குட்டி போட்டது, பக்கத்துக் கழனிக்காரனோடு வரப்புச் சண்டை, மோட்டார் ரிப்பேர். வார்டு முழுக்க அதைக் கேட்டது. அவர் போன பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யக்கா, அந்த வரப்பு மேட்டர் இன்னா ஆச்சுன்னு நாளைக்கு மறக்காம கேளு. மண்டை காயுது எனக்கு.”

அதுதான் அஞ்சலை. நொச்சிக்குப்பத்துக்காரி, சாந்தோம் ரோட்டோரத்தில் மீன் விற்பவள். இருவருமே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததால் முகம் தெரியாமலேயே பேசிப் பழகினோம். அவளுக்கு நோய் முற்றி, இடுப்பெலும்புப் பக்கம் போயிருந்தது.

“உனுக்கும் ரத்தம் பட்டுச்சா?” என்று கேட்டேன்.

“பட்டுதா? துணி மாத்தி மாத்திக் கட்டிக்கினு கூடை தூக்கிக்கினு இருந்தேன். மீன் நாத்தத்துல இந்த நாத்தம் யாருக்குத் தெரியப் போவுது? வெக்கமா கீது, எவன்கிட்ட போய் காட்டறதுன்னு வுட்டுட்டேன். காலு வீங்கினப்புறம் தூக்கியாந்தாங்க.” பிறகு சொன்னாள்: “நீ ஊருக்குப் போய் வாயை மூடிக்கினு குந்தாத யக்கா. உங்க ஊர் பொம்பளைங்களை இஸ்துகினு வா.”

சரி என்றேன். அப்போது எதையும் யோசித்துச் சொல்லவில்லை.

உடம்பு தேறி ஊர் திரும்பினேன். பெண்கள் வந்து எட்ட நின்று பார்த்தார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தைக்கக் கொடுத்திருந்த துணியை இரண்டு பேர் திருப்பி வாங்கிப் போனார்கள். எதிர்வீட்டு முனியம்மாள் மட்டும் நேராக வந்து என் பாயிலேயே உட்கார்ந்தாள். வாயாடி. மூன்று பிள்ளை பெற்றவள், நடவில் அவள் பாட்டுத்தான் முதலில் கேட்கும்.

“எந்த இடத்துல வந்துச்சு? காட்டு” என்றாள்.

அவளுக்கு எப்படிக் காட்டுவது? மிச்சம் கிடந்த லைனிங் துணியை எடுத்து, கீழ்ப்பக்கம் கழுத்துக் குறுகிய ஒரு பை தைத்தேன். கழுத்தின் விளிம்பில் சிவப்பு நூலால் சுற்றி வளையம் போட்டேன். “இது கர்ப்பப்பை. இது கழுத்து. இந்தச் செவப்பு இருக்குதே, இங்கதான் குச்சியால வழிக்கறாங்க.” முனியம்மாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். “மூணு புள்ளையும் இந்தச் சுருக்குப் பையிலயா இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடியக்கூட முடியாமல் சிரித்தாள்.

மறுநாளே பை கைமாறத் தொடங்கிவிட்டது. அளவு கொடுக்க வந்தவள் கேட்பாள், தண்ணீர் பிடிக்க வந்தவள் கேட்பாள். கேள்விகள் குவிந்தன. ஆம்பளை டாக்டரா? கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்களா? ரத்தம் படாதவள் எதற்குப் போக வேண்டும்? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொன்னேன். புற்றாக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த இடத்தின் தோலில் மாறுதல் தொடங்குகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதையே சொன்னேன்.

பெண்கள் சரி என்றார்கள். ஆண்கள் முறுக்கிக்கொண்டார்கள். சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப் ஊர் ஊராக வந்து குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. முனியம்மாளின் கணவர் துரைசாமி என் வாசலில் வந்து சத்தம் போட்டார். “பரிசோதனைன்னு சொல்லி இஸ்துகினு போய் ஆபரேசன் பண்ணி அனுப்புவாங்க. எனக்குத் தெரியாதா?”

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் கழனியிலிருந்து வந்துவிட்டார். “நீயும் கூட வா. கதவாண்ட நின்னுக்க. ஆபரேசன் பண்ணா என்னை வந்து கேளு” என்றார். துரைசாமி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை மறுசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். “எங்க ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டியாந்தா பார்ப்பீங்களா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நோய் வந்தவங்களையா?”

“நோய் வராதவங்களை.”

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். “எத்தனை பேர் வேணாலும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அந்த நாள் காலையில் ஊரே திருவிழா மாதிரி இருந்தது. டிராக்டர் பெட்டியில் ஏறி மதுராந்தகம் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் பெட்டியில் பாதி நாங்கள்தான். புளிச்சோறு, கனகாம்பரம், பெட்டியில் எடுத்து வைத்த நல்ல புடவை. எப்போது ஏறினார் என்று தெரியாமல் துரைசாமியும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். முனியம்மாள் தாம்பரம் வரை பாட்டை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பாட்டு நின்றது. நான் முதல் நாள் பார்த்த அதே காட்சிகளை அவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் மரத்தடிக்கு நகர்ந்தார்கள். “நமக்குத்தான் ஒண்ணும் இல்லியே, திரும்பிப் போயிடலாம்” என்று ஒரு குரல். அதற்கு ஒத்து ஊதிப் பல குரல்கள். இவ்வளவு தூரம் வந்து வாசலோடு திரும்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். நாங்கள் வரும் தேதியை விசாலம் மூலம் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனால் குரல் மட்டும் குறையவில்லை.

“இன்னா, அல்லாரும் இங்க குந்திகினு கீறீங்க? பயமா கீதா? என்னைப் பாருங்க. நல்லா பாருங்க. நான் லேட்டா வந்தவ. தோ நிக்கிதே தனபாக்கியம், அது சீக்கிரம் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதான்.”

நான் முதலில் உள்ளே போனேன். என் பின்னால் வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினால் முனியம்மாள்.

சற்று நேரத்தில் அவள் புடவையைச் சரிசெய்தபடி வெளியே வந்து, காத்திருந்தவர்களிடம், “அவ்ளோதான்டி” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வரிசையில் முந்திக்கொள்ளச் சண்டையே வந்துவிட்டது. நர்ஸ் வந்து அதட்ட வேண்டியிருந்தது. துரைசாமி என் கணவர் சொன்னபடியே கதவுக்குப் பக்கத்தில் நின்று, வெளியே வரும் ஒவ்வொருத்தியையும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அஞ்சலை எங்களை நொச்சிக்குப்பத்துக்குப் பஸ் ஏற்றி அழைத்துப் போனாள். பாதிப் பேர் கடலை அதற்குமுன் பார்த்ததில்லை. நல்ல புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கிக் கூச்சல் போட்டார்கள். அஞ்சலை கவிழ்த்த படகில் சாய்ந்து, “பார்த்து, பார்த்து, அலை இஸ்துகினு போயிடும்” என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் தங்கை ஆக்கிப்போட்ட நெத்திலிக் குழம்பின் ருசியை எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். அடுத்த ஆடிக்குள் அஞ்சலை போய்விட்டாள். அன்று கடற்கரையில் அவளும் எங்களோடு சாப்பிட்டாள் என்பதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

முடிவுகளைக் கேட்க நான் மட்டும் போனேன். ஒருவரைத் தவிர எல்லாருக்கும் ஒன்றுமில்லை. அந்த ஒருவர் முனியம்மாள். புற்று இல்லை, ஆனால் புற்றாகக்கூடிய மாறுதல் தெரிகிறது, அந்த இடத்தை மட்டும் கூம்பு மாதிரி வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டரம்மா. ரயிலில் உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஊரே சிரிக்கும்படிப் பேசுகிறவளிடம் இதைக் கொண்டு போகிறேனே என்று இருந்தது.

அவள் களத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கை நின்றது.

“ரத்தம்கூடப் படலியே எனக்கு.”

“படறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சுட்டாங்க முனியம்மா.”

“ரேடியமா?”

“ரேடியம் இல்ல, கரண்டும் இல்ல. சின்னதா வெட்டி எடுத்துருவாங்க.”

துரைசாமி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. ஆபரேஷன் என்ற பேச்சுக்கே குதித்தவர். என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எப்போ போவணும்?” என்று மட்டும் கேட்டார்.

அவளும் போனாள், வந்தாள். எனக்கு ஆனது போல மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அவளைப் பார்க்கத் தெருப் பெண்கள் எல்லாரும் கூடினார்கள். யாரும் எட்ட நிற்கவில்லை. அவளுடைய கட்டிலிலேயே நாலு பேர் உட்கார்ந்தார்கள். மயக்கம் கொடுத்தது, விழித்ததும் பசித்தது, டாக்டரம்மா கன்னத்தைத் தட்டியது என்று அவள் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் போயிருந்தேன். ஆஸ்பத்திரி பற்றி ஒருத்திகூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் முனியம்மாளிடம்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த தடவை பரிசோதனைக்குப் பக்கத்து ஊர்ப் பெண்களும் கிளம்பினார்கள். எனக்குக் கல்யாண வீட்டு ரவிக்கைகள் தலைக்கு மேல் கிடந்ததால் போக முடியவில்லை. நான் இல்லாமல் எப்படிப் போவார்கள் என்று கவலைப்பட்டேன். முனியம்மாள் முன்னால் நடக்க, அவர்களே போய், பார்த்துக்கொண்டு, கடலிலும் நனைந்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பினார்கள். தெருமுனைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் பேச்சும் சிரிப்பும் எனக்குக் கேட்டுவிட்டன. தைப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.